பாறை உண்ணும் நீர்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்காசி மாவட்டத்தில் உள்ள எங்கள் சங்கரன்கோவிலும் அம்மழையில் நனைந்தது. தெருவில் நீர் ஓடிற்று, ஓடைகள் நிறைந்தன. வானம் வெளுத்து நான்கு திங்கள் கழிந்தன. சித்திரையில் ஒருநாள் அதிகாலை, பஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்யக் குழாயைத் திறந்த என் லாத்தாவுக்குக் கிடைத்தது தண்ணீரன்று, சீறும் காற்று.

வீட்டின் பின்புறத்து ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது. மச்சான் வளைகுடாவில் இருக்கிறார். அவர் அனுப்பிய பணம் போதாமல் லாத்தாவின் இரண்டு வளையல்களும் அடகுக்கடைக்குப் போயின. புதிதாகப் போர் போட ரிக் வண்டி வந்தது. 110 அடியில் ஒரு பிளவு தட்டுப்பட்டு, விரற்கடை அளவு நீர் பீறிட்டது. "இன்னும் இறக்கினால் இதைவிடப் பெரிய ஊற்று கிடைக்கும்" என்றார் வண்டியோடு வந்தவர். 200, 300, 500 என்று இறக்கி, 720 அடியில் நிறுத்தினார்கள். 110 அடியில் கண்ட நீருக்கு மேல் ஒரு சொட்டும் கூடவில்லை. மேலே வந்ததெல்லாம் மாவாக அரைபட்ட கருங்கல் தூள். கொல்லையில் காயப்போட்டிருந்த துணிகளின் மீதெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் அது படிந்திருந்தது.

அன்று மாலை லாத்தா என்னிடம் கேட்டார்: "தம்பி, இத்தனை மழை பெய்ததே, அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? பாறைக்குள் தண்ணீர் உண்டா, இல்லையா? உண்டென்றால் ஏன் வரவில்லை? இல்லையென்றால் 110 அடியில் வந்தது எது?"

இதழில் அறிவியல் பகுதி எழுதுகிறவனுக்கு வீட்டிலேயே இப்படியொரு தேர்வு வைக்கப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. பின்னர் படித்து அறிந்தவற்றை லாத்தாவுக்குச் சொன்னேன்; அவற்றையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறைப் பகுதியாகும். சங்கரன்கோவில் வட்டாரமும் அதில் அடங்கும். மேலே செம்மண்ணோ கரிசலோ சில அடிகள். அதன்கீழ் பாறை மக்கி உருவான சரளை. அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை. பின்னர் உளி பாயாத முழுப்பாறை. அடுக்களையில் இதை எளிதாகக் கண்டுகொள்ளலாம். அம்மிக்கல்லின் மீது ஒரு சொட்டு நீரை விடுங்கள். அது உருண்டையாக நெடுநேரம் நிற்கும். சுட்ட செங்கல் மீது விடுங்கள். கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். இரண்டும் கல்லே. ஆனால் செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் நிறைய உண்டு. மக்காத முழுப்பாறையிலோ நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவை உள்ளன.

இடைவெளி இருந்தால் மட்டும் போதாது. நீர் அதற்குள் புகவேண்டும். எவரும் ஊற்றாமலே, அழுத்தாமலே நீர் தானாக உள்ளே புகுவதைத்தான் ஊறுதல் என்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும், தேநீரில் தோய்த்த ரொட்டி நனைவதும், மண்பானையின் புறத்தே வியர்ப்பதும் இந்த ஒரே செயலால்தான். நூல்களில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நீரின் பரப்பு இழுவிசை அதனை நுண்ணிய குழலுக்குள் இழுக்கிறது. நீரின் பாகுத்தன்மை, அதாவது குழலின் சுவரோடு உராய்வதால் வரும் தயக்கம், அதனைத் தடுக்கிறது. இழுப்பவனும் தடுப்பவனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

1918-இல் லூக்கஸ் என்பவரும், 1921-இல் வாஷ்பர்ன் என்பவரும் இந்த இழுபறிக்கு ஒரு கணக்கைக் கண்டனர். நீர் உட்செல்லும் தொலைவு காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்றபடி வளரும் என்பதே அது. எளிய சொல்லில் கூறினால், ஒரு நிமிடத்தில் ஒரு விரற்கடை ஊறினால், இரண்டு விரற்கடை ஊற நான்கு நிமிடமும், மூன்று விரற்கடை ஊற ஒன்பது நிமிடமும் ஆகும். உள்ளே செல்லச் செல்ல, பின்னால் இழுத்துவர வேண்டிய நீர்த்தொடர் நீளுகிறது. உராய்வும் அதற்கேற்பக் கூடுகிறது. பள்ளி செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மை உறிஞ்சும் தாளை நீளவாட்டில் கத்தரித்து, தரைமட்டமாக வைத்து, ஒரு முனையை மட்டும் நீரில் தொடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் நெருங்கி நெருங்கி வருவதை அவர்களே காண்பார்கள்.

இனி பாறைக்குள் வருவோம். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆரமுள்ள குழலொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். தலைமயிரின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. அக்குழல் நேராகவும், நீரை முழுவதும் ஏற்பதாகவும் இருந்தால், நீர் ஒரு மீட்டர் உட்செல்ல எட்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும். இரண்டு மீட்டர் செல்ல முப்பத்தொரு மணி நேரம். குழலின் ஆரம் பத்தில் ஒரு பங்காகக் குறுகினால், அந்த ஒரு மீட்டருக்கே மூன்று நாட்களுக்கு மேலாகும். இது கண்ணாடிக் குழலின் கணக்கு. உண்மைப் பாறையில் நேரான குழல் ஏது? வளைந்தும் நெளிந்தும், ஓரிடத்தில் விரிந்தும் மறு இடத்தில் அடைத்தும், முட்டுச் சந்துகளாக முடிந்தும் கிடக்கும் வழிகளில் நீர் தடவித் தடவிச் செல்லவேண்டும். களிமண் கலந்த இடமானால் அது நீர்பட்டு உப்பி, உள்ள வழியையும் அடைத்துவிடும். எங்கள் கரிசல் காட்டு உழவர்களுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் காலளவு பிளந்து கிடக்கும் கரிசல், முதல் மழையை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வாயை மூடிக்கொள்ளும். அடுத்த மழை மேலேயே ஓடும்.

லாத்தாவின் முதல் கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. இரண்டு நாளில் கொட்டிய மழைக்கு ஊறுவதற்கு அவகாசம் இல்லை. அதே மழை இருபது நாட்களில் பரவலாகப் பெய்திருந்தால் நிலம் அதில் எவ்வளவோ கூடுதலாக வாங்கியிருக்கும்.

ஆனால் மறுபாதி இன்னும் நுட்பமானது. நுண்ணிய குழல் எவ்வளவு வலிவாக நீரை இழுக்கிறதோ, அவ்வளவு வலிவாக அதைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. மேற்சொன்ன ஒரு மைக்ரான் குழல், நீரை ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திற்குத் தூக்கி நிறுத்தும் ஆற்றல் உடையது. அப்படியிருக்க, தன் எடையால் கீழே வடிந்து நம் கிணற்றுக்கு வந்து சேர அந்த நீருக்கு வலிவு எங்கே? ஆகவே பாறைக்குள் இருக்கும் நீர் இருவகைப்படும்: பாறை தனக்கென்று வைத்துக்கொண்ட நீர், நமக்குத் தரக்கூடிய நீர். உடைத்த கல் ஈரமாய் இருக்கிறது என்பதால் அதில் ஊற்று இருக்கிறது என்று பொருளாகாது. உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அது எத்தகைய அறைகளில் குடியிருக்கிறது என்பதே முக்கியம்.

கல்லை உடைக்காமல் அதனுள் குடியிருக்கும் நீரின் அறையை அளப்பது எப்படி? இங்கேதான் காந்தம் உதவிக்கு வருகிறது.

வீட்டில் எவருக்கேனும் முதுகுத்தண்டிலோ தலையிலோ நோய் என்றால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வதை அறிவீர்கள். அந்தக் கருவி பார்ப்பது எலும்பையோ சதையையோ அன்று. பெரும்பாலும் அவற்றில் உள்ள நீரைத்தான். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள்போல் நடந்துகொள்ளும். காந்தப் புலத்தில் வைத்தால், சாய்ந்த பம்பரம் தலையைச் சுற்றுவதுபோல் அவை ஒரு குறிப்பிட்ட தாளத்தில் சுழலும். மருத்துவமனையில் உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில் விநாடிக்கு ஏறத்தாழ ஆறு கோடியே நாற்பது இலட்சம் முறை! அதே தாளத்தில் வெளியிலிருந்து ஒரு வானொலி அலையைத் தட்டினால் கருக்கள் அதற்கு இசைந்து எழும். தட்டுவதை நிறுத்தினால் மெல்ல மெல்லத் தாளம் இழந்து அடங்கும். இவ்வாறு அடங்கும்போது அவை எழுப்பும் மெல்லிய மின்குறிப்பைக் கருவி கேட்கிறது. இதுவே அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே இதனைத் திரவங்களிலும் திடப்பொருள்களிலும் கண்டறிந்து 1946-இல் வெளியிட்டார்கள். 1952-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் என்பவர், குழாயில் ஓடும் திரவத்திலிருந்து வரும் ஒத்ததிர்வுக் குறிப்பு நின்ற திரவத்திலிருந்து வருவதைக் காட்டிலும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்து 1951-இலேயே எழுதினார். உடலின் இரத்த ஓட்டத்தைக் காந்தத்தால் அளக்கும் இக்கால முறைகளுக்கெல்லாம் அது முன்னோடி. நம் பாடநூல்களில் அவர் பெயரை எளிதில் காண முடிவதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

பாறைக்கு இது எப்படிப் பயன்படுகிறது என்றால், எல்லாச் சூட்சுமமும் அந்த 'அடங்கும் நேர'த்தில் இருக்கிறது. திருமண வீட்டில் அகன்ற பந்தலின் நடுவே விளையாடும் பிள்ளைகள் சுவரில் மோதுவது அரிது; நெடுநேரம் ஆடுவார்கள். அதே பிள்ளைகளை ஒடுங்கிய முடுக்கில் விட்டால், ஓடிய மாத்திரத்தில் சுவரில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீரின் கருக்களும் அவ்வாறே. பாறைச் சுவரைத் தொடும்போதெல்லாம் அவை தாளம் இழக்கின்றன. குறுகிய இடைவெளியில் அடிக்கடி சுவரைத் தொடுவதால் விரைவில் அடங்குகின்றன; அகன்ற இடைவெளியிலோ விரிசலிலோ நீடித்து ஒலிக்கின்றன. பாத்திரத்தில் உள்ள தூய நீரின் குறிப்பு இரண்டு மூன்று விநாடி நீடிக்கும். களிமண்ணோடு ஒட்டிய நீரின் குறிப்பு சில மில்லி விநாடிகளில் மடிந்துவிடும். ஆகவே, குறிப்பு தொடங்கும்போது உள்ள வலிவு எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது அடங்கும் விதம் அந்நீர் எத்தகைய அறையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே அளவையில்!

எண்ணெய்த் துறையினர் இதற்கு ஓர் எல்லைக்கோடே வைத்திருக்கிறார்கள். வழக்கமான கணக்கில், மணற்பாறையானால் 33 மில்லி விநாடிக்கு முன் அடங்கும் நீர் பாறைக்கே உரியது, அதற்குப் பின்னும் ஒலிப்பது வெளியே வரக்கூடியது. சுண்ணாம்புப் பாறையானால் அந்த எல்லை 92 மில்லி விநாடி. எல்லாப் பாறைக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

நீர் புகுவதற்கே தயங்கும் இறுகிய பாறைகளின் மீது அத்துறையினருக்கு நாட்டம் வந்தது தனிக்கதை. களிப்பாறைகளில் அடைபட்ட எரிவாயுவை எடுப்பதற்காக, பெரும் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை அமெரிக்காவில் பரவிற்று. செலுத்திய நீரில் பெரும் பங்கு திரும்பி வருவதில்லை, பாறை உண்டுவிடுகிறது. எவ்வளவு உண்ணும், எத்தனை நாளில் உண்ணும், உண்ட நீர் வாயுவின் வழியை அடைக்குமா, அல்லது வாயுவை வெளியே தள்ளுமா என்பன கோடிக்கணக்கான பணத்தைத் தீர்மானிக்கும் கேள்விகளாயின. நம் நாட்டிலும் 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் துர்காப்பூர் அருகே ஓ.என்.ஜி.சி. நிறுவனம் களிப்பாறை வாயுவைக் கண்டது. காவிரிப் படுகையைப் பற்றிய பேச்சும் எழுந்து, உழவர்களின் அச்சத்தையும் எதிர்ப்பையும் தொடர்ந்து, 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆய்வகத்தில் செய்வது இதுதான். துளையிட்டெடுத்த பாறையில் கட்டைவிரல் பருமனுள்ள உருளை ஒன்றை வெட்டி, அடுப்பில் நன்கு உலர்த்துகிறார்கள். அதன் ஒரு முனையை நீரில் தொடவிட்டு, குறித்த நேரங்களில் எடுத்துக் காந்தத்தினுள் வைத்து அளக்கிறார்கள். முன்பெல்லாம் எடை மட்டுமே பார்த்தார்கள். உண்ட நீரின் எடையை வர்க்கம் செய்தால் அது காலத்தோடு நேர்கோட்டில் வளரும் என்று 1960-இல் ஹேண்டி என்பவர் காட்டிய கணக்கு இன்றும் வழக்கில் உள்ளது. எடை 'எவ்வளவு' என்பதை மட்டும் சொல்லும். காந்தமோ 'எங்கே' என்பதையும் சொல்லும். நீரை விரும்பும் பாறையில் சிறிய இடைவெளிகளே பெரும்பாலும் முதலில் நிரம்புகின்றன. பெரியவை பின்னரே நிரம்புகின்றன. ஒன்றோடொன்று இணைந்த அறைகளில், வலிவாக இழுக்கும் சிறிய அறை, பக்கத்துப் பெரிய அறைக்கு வந்த நீரையும் தன்பால் வாங்கிக்கொள்கிறது. சிறியவருக்கு முதல் பந்தி!

பாறையில் ஏற்கெனவே எண்ணெய் இருந்தால், ஹைட்ரஜன் அதிலும் உண்டே, எதன் குறிப்பைக் கேட்கிறோம் என்ற ஐயம் எழும். அதற்கு அவர்கள் கனநீரை ஊறவைக்கிறார்கள். அதிலுள்ள கனமான ஹைட்ரஜனின் தாளம் வேறாதலால் அது காதில் விழாது. எண்ணெயின் குரல் மட்டும் கேட்கும். நீரில் மாங்கனீசு உப்பைக் கரைத்து அதன் குரலை அடக்கிவிடுவதும் உண்டு. இந்தத் தந்திரத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கூட்டத்தில் ஒருவர் பேச்சைக் கேட்பதற்காக மற்றவர் வாயைப் பொத்துவது போலல்லவா இருக்கிறது!

இவ்வளவையும் அளந்தபின் கணக்கு மாதிரி எழுதுகிறார்கள். பாறையை நூற்றுக்கணக்கான வெவ்வேறு பருமனுள்ள குழல்களின் கட்டாகக் கருதி, எத்தனை குழல்கள் எந்த ஆரத்தில் உள்ளன என்பதைக் காந்த அளவையிலிருந்து எடுத்து, வளைவு நெளிவுக்கு ஒரு திருத்தம் சேர்த்து, நீர் எப்படிப் புகும் என்று முன்கூட்டிச் சொல்வது ஒரு வகை. விரலளவு கல்லில் சில மணி நேரத்தில் கண்டதை, மலையளவு பாறையில் பல ஆண்டுகளுக்கு நீட்டுவதற்கு இத்தகைய மாதிரி இன்றியமையாதது. அங்கேதான் தவறுகளும் நேர்கின்றன. விரலளவு கல்லில் பெரிய விரிசல் இராது. மலையில் அதுவே அரசன்.

கல்லை ஆய்வகத்திற்குக் கொண்டுபோகாமல், நிலத்தின் மேலிருந்தே கேட்க முடியுமா? முடியும். ஆற்றல் மிக்க காந்தத்திற்குப் பதில், பூமியே காந்தமாக நிற்கிறது. எங்கள் தென்கோடியில் புவிக்காந்தம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. மருத்துவமனைக் காந்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் நீரின் தாளம் விநாடிக்கு ஏறத்தாழ 1,700 முறை. இவ்வாறு நிலத்தடி நீரைக் காணலாம் என்ற கருத்துக்கு ரஸ்ஸல் வேரியன் என்பவரின் பெயரில் 1962-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதைச் செயலில் காட்டியவர்கள் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரத்து அறிஞர்கள். 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி அவர்கள் உருவாக்கிய கருவிக்கு 'ஹைட்ரோஸ்கோப்' என்று பெயர். 1990-களின் நடுவே பிரான்சு நாட்டினர் அதைச் செம்மைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். தரையில் நூறு மீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் கம்பியை விரித்து, சரியான தாளத்தில் மின்சாரத்தைத் துடிக்கவிட்டு, நிறுத்தியவுடன் அதே கம்பியால் காதுகொடுத்துக் கேட்பார்கள். ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழம்வரை இதனால் அறியலாம்.

இதில் ஒரு நயம் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய கணமே கருவியால் கேட்க முடியாது; பழைய கருவிகளில் ஏறத்தாழ 40 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் களிமண்ணிலும் நுண்துளைகளிலும் ஒட்டிய நீரின் குரல் அடங்கிவிடும். காதில் விழுவது பெரும்பாலும் நகரக்கூடிய நீர் மட்டுமே. கருவியின் குறையே இங்கே நமக்கு நன்மையாகிறது!

நம் பாறையைப் போன்ற பாறையில் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. ஹைதராபாத் அருகே மகேசுவரம் என்னும் நீர்ப்பிடிப்புப் பகுதியில், தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் பிரெஞ்சு நிலவியல் துறையும் இணைந்து கருங்கல் நிலத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. கர்நாடகத்தில், பந்திப்பூர் காட்டினுள் உள்ள மூலெஹொளெ என்னுமிடத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ஓர் ஓடையருகே மின்தடை அளவையையும் காந்த ஒத்ததிர்வு அளவையையும் வெவ்வேறு பருவங்களில் எடுத்து, மழைநீர் எவ்விடத்தில் இறங்குகிறது என்று தேடினார்கள். அம்முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. நிலம் முழுவதும் ஒரே சீராக நீரை வாங்குவதில்லை. ஓடையின் அடியைப்போல் நீர் தங்கிச்செல்லும் இடங்களுக்கு இதில் தனிப்பங்கு உண்டு.

மகேசுவரத்து ஆய்வுகளில் 2004-இல் வெளியான ஒன்றை நான் இரண்டு முறை படித்தேன். குழாய்க் கிணறுகளில் நீர் இறைத்தும் செலுத்தியும் செய்த சோதனைகளின்படி, அங்கே நீரைக் கடத்தும் விரிசல்கள் பெரும்பாலும் தரையிலிருந்து 35 மீட்டர் ஆழத்திற்குள் இருக்கின்றன. அதன்கீழ் உள்ள மக்காத பாறையில் அவை மிகச் சில. 35 மீட்டர் என்பது ஏறத்தாழ 115 அடி. லாத்தா வீட்டில் நீர் வந்தது எந்த ஆழத்தில் என்பதை வாசகர்கள் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் எல்லா ஊரிலும் 115 அடிக்குக் கீழே நீரே இராது என்று நான் சொல்லவரவில்லை. பாறை மக்கிய ஆழம் இடத்துக்கு இடம் மாறும். ஆழத்தில் பெரும்பிளவு வாய்த்த கிணறுகளும் உண்டு. காந்த அளவைக்கும் குறைகள் உண்டு. ஆழத்தில் உள்ள ஒடுங்கிய ஒற்றைப் பிளவின் நீர் மிகச் சொற்பமாதலால் அதன் குரல் மேலே எட்டாமல் போகலாம். மின்கம்பிகளின் இரைச்சல் அதற்குப் பெரும்பகை. காற்றாலைகளும் அவற்றின் கம்பிகளும் நிறைந்த எங்கள் வட்டாரத்தில் கம்பி விரிக்க அமைதியான இடம் தேடவேண்டும். போதாக்குறைக்கு, பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே புவிக்காந்தம் ஐரோப்பாவைக் காட்டிலும் மெலிந்தது, குறிப்பும் மெலியும். அந்த நடுக்கோட்டின் அண்மையை நாடித்தான் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அத்துடன், இக்கருவி ஒரு குடும்பம் வாடகைக்கு அமர்த்தக்கூடியது அன்று. எங்கள் ஊரில் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக் காட்டுகிறார். அவருக்கான கட்டணம் தெரிந்ததுதான். அந்தத் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில்தான் லாத்தாவின் 720 அடியும் இறங்கியது. மின்தடை அளவை செய்யும் நிலநீர் வல்லுநர்கள் மாவட்டங்களில் உள்ளனர். போர் போடுவதற்குமுன் அவர்களை நாடியிருக்கலாம் என்று நான் லாத்தாவிடம் சொன்னபோது, "அதை வண்டி வருவதற்குமுன் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை.

மூன்றாவது முறையாக, 1,000 அடிக்கு ஒரு போர் போடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. மச்சான் தொலைபேசியில் சம்மதித்தும்விட்டார். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். பாறையில் நமக்கு நீர் தரும் பகுதி மேலே உள்ள சரளையும் அதை ஒட்டிய விரிசலும் என்றால், துளையைக் கீழே நீட்டுவதைவிட, மேலே உள்ளதற்கு உண்ணக் கொடுப்பதும், உண்பதற்கு நேரம் கொடுப்பதும்தான் பொருத்தம் என்று தோன்றியது. கொல்லையின் மூலையில் வாப்பா காலத்துக் கிணறு ஒன்று, வாயில் சிமெண்ட் பலகை மூடியபடி கிடந்தது. 45 அடி, சரளையில் தோண்டியது. அதைத் தூர்வாரினோம். அடியில் படிந்திருந்த வண்டல் பசைபோல் ஒரு சாண் தடிமன் இருந்தது. ஊறல் தெரிந்தவனுக்கு அதைக் கண்டதும் விளங்கிவிடும்: அத்தனை நுண்ணிய சேறு கிணற்றின் அடியிலும் பக்கத்திலும் தோல்போல் படிந்திருந்தால் நீர் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

மாடியில் விழும் மழைநீரை, மணலும் ஜல்லியும் நிரப்பிய தொட்டி வழியாக அக்கிணற்றில் விட்டோம். 2003-இல் அரசு ஆணைப்படி எல்லா வீட்டிலும் கட்டிய மழைநீர்க் குழி லாத்தா வீட்டிலும் இருந்தது. உள்ளே பூச்சுவேலைக் கழிவும், பிள்ளைகளின் உடைந்த பொம்மை ஒன்றும், நிறைய இலைச்சருகும் கிடைத்தன. நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர் என்று கணக்கிட்டுச் சொன்னதும், லாத்தா அன்றே அதையும் சுத்தம் செய்ய ஆள் பிடித்துவிட்டார். 110 அடிப் பிளவுக்கு நேராக மோட்டாரை வைத்து, நாளுக்கு இரண்டு முறை மட்டும், அரை மணி நேரத்திற்கு மேற்படாமல் இறைப்பது என்று ஏற்பாடு. இடையில் உள்ள நேரம் பாறைக்கு.

காந்தக் கருவி எங்களிடம் இல்லை. லாத்தா ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு பழைய பித்தளைப் பூட்டைக் கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கிணற்றில் இறக்கி, நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்பதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவருகிறார். ஐப்பசி முதல் வெள்ளி: 38. கார்த்திகை நடுவில்: 31. மார்கழிக் கடைசியில் மழை முற்றிலும் நின்றது, அன்று 27. தை மூன்றாம் வெள்ளி, மழையே இல்லாத நாட்களில்: 25. "மழை நின்ற பிறகும் எப்படித் தம்பி ஏறுகிறது?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் அவரே, "உள்ளே இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது போலும்" என்றார்.

ரிக் வண்டிக்காரரின் முகவரி அட்டை இன்னும் நாட்காட்டியின் பின்னால் செருகியபடியே இருக்கிறது. மாசி இரண்டாம் வெள்ளி: 26. சித்திரைக்கு இன்னும் ஏழு வெள்ளிகள் உள்ளன.